நாத்தனார் உள்ள ஆண்பிள்ளை

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் படிக்கிறவர்கள் சந்தேகப்படுவார்கள். படட்டும். எனக்கும் அண்ணிக்கும் ஒத்துப்போகாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அடுக்களையில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து, என் அண்ணன் ஏன் இப்படி இளைத்துப் போனான் என்பது வரைக்கும் எங்களுக்குள் தகராறு உண்டு. அவளும் கோபக்காரி, நானும் கோபக்காரி. அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்துவிட்டான்.

அவள் வயதில் எனக்கு இளையவள், உறவில் மூத்தவள். அதனால் வாயால் 'நீங்க', மனதுக்குள் 'நீ'. இங்கே எழுதும்போது மனதில் உள்ளபடியே எழுதுகிறேன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல்தான் காரணம்.

அண்ணி இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்தவள் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன் எடுப்பது, வருகிறவர்களை உட்கார வைப்பது, அழுகிற குழந்தைகளைச் சமாளிப்பது. டாக்டர் தமிழர்தான், ஆனால் தமிழில் பேசினால் பல் கொட்டிவிடும் என்று பயந்தவர் போல எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே சொல்வார். சேர்ந்த வாரத்தில் ஒரு போன் வந்தது. உள்ளேயிருந்து டாக்டர், 'புட் ஹிம் த்ரூ' என்றார். அண்ணிக்கு 'புட்' தெரியும். புட் என்றால் வை. போனை வை என்று சொல்கிறார் என்று நினைத்து, மரியாதையாகப் போனை வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் பேசியவர் டாக்டரின் மாமனார்.

அதற்குப் பிறகு டாக்டர் போட்ட சத்தத்தில், வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த நோயாளி பஞ்சை விழுங்கிவிட்டாராம். இதை அண்ணி சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குத் தெரியும், ஏனென்றால் தண்ணீர் தீர்ந்துபோய் நான்தான் கதவைத் தட்டினேன்.

இங்கிலீஷில் இது ஒரு அநியாயம். புட் என்றால் வை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். பிறகு அதன் வாலில் ஒரு குட்டி வார்த்தையை ஒட்டிவிட்டு, வேறு ஏதோ அர்த்தம் என்கிறார்கள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. புட் அவுட் என்றால் அணை. புட் டவுன் என்றால் மட்டம் தட்டு. புட் த்ரூ என்றால் போனை இணைத்துக் கொடு. கூட வந்து ஒட்டுகிற வார்த்தை உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்த வார்த்தையாகத்தான் இருக்கும். தனித்தனியாக இரண்டும் தெரியும், சேர்த்து வைத்தால் தெரியாது. அண்ணி அந்த டாக்டரிடம் வேலை பார்த்த காலமெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு வாங்கினாள். திட்டு வாங்கிய எதையும் அவள் மறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அன்றைய திட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அப்படிச் சேர்த்ததைத்தான் பிறகு பாடமாக்கினாள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு இன்ஸ்டிட்யூட். வேலைக்கு வெளிநாடு போக நினைக்கிற நர்சுகள், வார்டு உதவியாளர்கள், டிரைவர்கள், கடைப் பெண்கள் என்று வளர்ந்த ஆட்கள் படிக்க வருவார்கள். இன்ஸ்டிட்யூட்டின் உரிமையாளர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். எல்லோரும் பின்னால் அவரைக் 'கோட்டு' என்றுதான் சொல்வார்கள். அண்ணியை முதலில் குழந்தைகள் வகுப்புக்குத்தான் எடுத்தார். இந்த வால் ஒட்டிய வார்த்தைகளை நடத்த வேறு எந்த வாத்தியாருக்கும் பொறுமை இல்லாததால் அது அண்ணி தலையில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வகுப்புக்கு மட்டும் நாற்காலி போதாமல் போயிற்று.

நான் ஒரு தடவை அவள் மறந்துவிட்டுப் போன வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போய், கதவோரம் நின்று பார்த்தேன். கீழே டயரைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தம். மேலே அதைவிட உரக்க அண்ணி.

"இந்த 'கிவ்' இருக்கானே, தனியா இருக்கிற வரைக்கும் சாது. கொடுக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. பின்னாடி யாரு வந்து ஒட்டுறாங்கன்னு பாருங்க. அப்புறம்தான் இருக்கு. இங்கிலீஷ்காரங்க மட்டும்தான் இப்படின்னு அழாதீங்க. நாமளும் பண்றோம். அவங்க பின்னாடி ஒட்டுறாங்க, நாம முன்னாடி ஒட்டுறோம். கொடு. சொல்லிக் கொடுத்தா?"

"டீச்சர்!"

"போட்டுக் கொடுத்தா?"

"கோள்மூட்டி!"

"காட்டிக் கொடுத்தா?"

"துரோகி!"

"விட்டுக் கொடுத்தா?"

பின் வரிசையிலிருந்து ஒரு டிரைவர், "புருஷன், டீச்சர்!" என்றார். வகுப்பே சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. "அதான் கிவ் இன். எழுந்திருச்சு வாக்கியம் சொல்லுங்க" என்றாள்.

அவளுடைய வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. கோபம் இல்லாத வாக்கியம் செல்லாது. புத்தகத்தில் இருக்கிற 'ராமு விளக்கை அணைத்தான்' வகையறாவெல்லாம் அங்கே எடுபடாது. ஒவ்வொருவரும் தனக்கு நிஜமாகக் கோபம் வந்த ஒரு விஷயத்தை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும். அவளும் அப்படித்தான் உதாரணம் சொல்வாள். கோபத்தோடு சொன்ன வார்த்தை நாக்கை விட்டுப் போகாது என்பது அவள் கணக்கு. அவளுக்கே அப்படித்தானே வந்தது.

அன்றைக்கு ஒரு நடுத்தர வயது மனிதர் எழுந்து, "மை பாஸ் லுக்ஸ் டவுன் ஆன் மீ" என்றார். தன்னைக் கேவலமாக நினைக்கிறார் என்று அர்த்தம். நியூஸ் வாசிக்கிற மாதிரி சொன்னார்.

"அப்படி என்ன பண்ணினார் உங்க பாஸ்?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்த வாக்கியம்? சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் உக்காந்து எழுந்திருச்ச நாற்காலியத் தொடைக்கச் சொன்னாருங்க" என்றார்.

கீழே சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி சாக்பீஸைக் கீழே வைத்தாள். பிறகு, "இப்ப அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார். இந்தத் தடவை கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். நான் சாவியைக் கரும்பலகைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி டப்பா சண்டையில் அண்ணிக்கு விட்டுக்கொடுத்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போங்கள்.

பிறகு கோட்டு அந்த அறையின் பின் சுவரில் ஒரு கேமராவை மாட்டினார். வகுப்புக்கு வர முடியாதவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணி சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டாள். கேமரா ஓடியது. அவள் கத்தினாள், சிரித்தாள், எல்லோரையும் எழுப்பி நிறுத்தினாள். பாடம் முழுக்க ஒரு சுற்று ஓடி முடிந்ததும் கோட்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கோபம் தாங்காம ஸ்டூடன்ட்ஸ் ஓடிடறாங்க. அடுத்த பேட்சுக்கு ஆளே சேரல. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

இதை அவள் வீட்டில் யாரிடமும் சண்டையாகச் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என் கோபம்தான் காரணமாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்த 'மெதுவாக'த்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதிலிருந்து அவள் கத்துவதை விட்டுவிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் மோட்டாரைப் போட விடாமல் வீட்டுக்காரம்மா அநியாயத்துக்குச் சத்தம் போட்டாள். அண்ணி, "சரிங்க" என்றுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் மகள் ஒரு நாள் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்துவிட்டு, வரப்போகும் திட்டுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அண்ணி, "பரவாயில்ல, கால்ல குத்திடும், தள்ளி நில்லு" என்று கூட்டி அள்ளினாள். பெண் ஓவென்று அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தது. "அத்தை, அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சு" என்றது. அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆரம்பித்தான். நான் வேண்டுமென்றே அவள் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல், தேடித் தேடிச் சமைத்தாள்.

ஒரு நாள் துணி காயப்போடும்போது என்னிடம் கேட்டாள். "நான் ரொம்பக் கத்துவேனா? நிஜமா சொல்லுங்க."

இத்தனை வருஷமாக அதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாய் வரவில்லை. "யாரு கத்தல இந்த வீட்டுல?" என்று மழுப்பிவிட்டேன்.

நான் மருந்துக் கடையில் கவுண்ட்டரில் நிற்பவள். ஒரு நாள் மாலை, அப்பாவுக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெண், நான் சீட்டைப் பார்த்து எடுத்து வைக்கிற வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நர்சிங் படிக்கிற பெண். போன் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இளைஞனின் குரல். இங்கிலீஷ் வார்த்தைகள் வெள்ளைக்காரன் பேசுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயின, தமிழ் மட்டும் கொஞ்சம் நொண்டியது.

"பச்ச ஸ்வெட்டர், பேனா மூடியக் கடிக்காதீங்க. எழுந்திரிங்க" என்றது குரல்.

நான் யார் பச்சை ஸ்வெட்டர் என்று கடையைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அடுத்தது புட் அப் வித். சகிச்சுக்கிட்டு காலம் தள்ளறது. என் நாத்தனார் ஒருத்தி இருக்கா. மருந்துக் கடையில வேலை. ஊருக்கெல்லாம் தலைவலி மாத்திரை விக்கிறா. எங்க வீட்டுத் தலைவலியே அவதான். ஐ புட் அப் வித் ஹெர். எல்லாரும் சொல்லுங்க."

என் கையில் அப்போது இருந்தது தலைவலி மாத்திரைதான். சத்தியமாக.

"நல்லா சொல்லித் தர்றார் அக்கா" என்றாள் அந்தப் பெண். "ஒரே சிரிப்பா இருக்கும். நெட்டுல இந்தக் கோர்ஸ்தான் எல்லாரும் சேர்றாங்க. எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் இதுலதான் படிக்கிறோம்."

"ஏம்மா, ஆம்பளைக்கு ஏதும்மா நாத்தனார்?"

அவள் யோசித்தாள். "அட, ஆமால்ல! நாங்க அத ஜோக்குன்னு நெனச்சோம்."

"ஜோக்குதான். காட்டு அத இங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். வழுவழுவென்று சவரம் செய்த முகம், பின்னால் நீல வெளிச்சம், மூலையில் கோட்டுடைய இன்ஸ்டிட்யூட் பெயர். நாற்காலியைத் துடைக்கச் சொன்ன கதையும் வந்தது. பல் டாக்டர் கதையும் வந்தது. 'எங்க வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவார்' என்று அந்தத் தடியன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று பயந்து, மீதியைக் கவனிக்கும்படி கூட வேலை செய்கிறவளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

எப்படி நடந்தது என்பது பிறகு தெரிந்தது. கேமராவில் பதிந்ததை யாரோ ஒரு டைப் அடிக்கும் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்கள். கேட்ட ஒரு வார்த்தையையும் விடாதே என்று உத்தரவு. அவளும் விடவில்லை. பாடம், திட்டு, வீட்டுக்காரர், நாத்தனார், பேனா மூடி, எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்துவிட்டாள். வீடியோவில் வந்த பையன் எங்கேயோ வெளிநாட்டில் வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத்துத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் திரையில் ஓடவிட, அவன் வந்ததை வந்தபடி வாசித்திருக்கிறான். அதைத் திரும்பக் கேட்டுப் பார்க்க அந்த இன்ஸ்டிட்யூட்டில் ஒருத்தருக்கும் நேரம் இல்லை.

அடுக்களையில் நின்றபடியே அண்ணி என் போனில் அந்த வீடியோவைப் பார்த்தாள். நான் கொதித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கொதிக்கவில்லை. முழுப் பாடத்தையும் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை, "நான் எங்கெங்க மூச்சு வாங்கினேனோ, அங்கெல்லாம் இவனும் நிறுத்தறான்" என்றாள்.

"திருட்டு அண்ணி இது! உங்க பாடத்த அப்படியே வழிச்செடுத்து வித்துக்கிட்டு இருக்கான் அந்தக் கோட்டு."

"எத்தன பேர் சேர்ந்திருக்காங்களாம்?"

"ஹாஸ்டல்ல பாதிப் பேராம். ஊர்ல எத்தன ஹாஸ்டல் இருக்கோ."

அவள் அடுப்பை அணைத்தாள். "அப்ப என் கோபத்தால ஆள் ஓடலியா?" என்றாள்.

அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. திருட்டுப் போனது கூட அவளுக்கு இரண்டாம் பட்சம். தன் வாயே தன் வேலையைக் கெடுத்துவிட்டது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள், நாங்களும் நம்பினோம். அதற்குப் பதிலைக் கோட்டு வாயாலேயே கேட்க வேண்டும் என்று கிளம்பினாள். நான் தனியாக விடுவேனா? கிளம்புகிற அவசரத்திலும் என் பங்கை நான் விடவில்லை.

"அது சரி, வீட்டுத் தலைவலின்னு என்னையா சொன்னீங்க?"

"அது ஒரு உதாரணம்."

"உதாரணத்துக்கு உங்க அம்மா கெடைக்கலியா?"

"எங்கம்மா மேல எனக்குக் கோபம் இல்லியே" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். வந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், பிறகு என்ன ஆனது என்று அறிய அவசரப்படுகிறவர்களுக்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத் தெரிந்த வக்கீல், சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்திய பாடத்துக்குச் சொந்தம் கொண்டாட வருஷக்கணக்கில் அலைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வீடியோ இன்னும் ஓடுகிறது. நாத்தனாரையும் வீட்டுக்காரரையும் மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய இடத்தில் பையனின் தலை ஒரு துள்ளு துள்ளும், கவனித்துப் பார்த்தால் தெரியும். அண்ணி இப்போது அந்த நர்சிங் பெண்ணின் ஹாஸ்டலில், சாப்பாட்டுக் கூடத்தில், மேசைகளைத் துடைத்த பிறகு கிடைக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். நியாயம் கிடைத்ததா என்றால் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

இன்ஸ்டிட்யூட் டயர் கடை மாடியில் இல்லை. எல்லாம் கண்ணாடியாக ஒரு புது இடத்துக்குப் போயிருந்தது. வரவேற்பில் அந்தப் பையனின் ஆளுயரப் படம். சேருவதற்காக வந்தவர்கள் வரிசையாக சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு எங்களை உள் அறைக்குக் கூப்பிட்டார். படப்பிடிப்பு நடுவில் பவுடர் முகத்தோடு பையனும் அங்கே இருந்தான்.

"வாங்க மேடம், வாங்க! எவ்வளவு நாளாச்சு. டீ சொல்லவா?"

"என் பாடத்த இந்தத் தம்பி நடத்துறாரு" என்றாள் அண்ணி.

"பாடம் என்ன மேடம் உங்க பாடம், எங்க பாடம்? புட் அப், புட் டவுன் எல்லாம் எல்லா புஸ்தகத்துலயும் இருக்கு. இங்கிலீஷ் எல்லாருக்கும் பொது."

"இங்கிலீஷ் பொது. என் வீட்டுக்காரரும் பொதுவா? இதோ நிக்கிறாங்களே, என் நாத்தனார், இவங்களும் பொதுவா?"

நான் ஒரு அடி முன்னால் வந்து நின்றேன். பையனைப் பார்த்து, "தம்பி, நாத்தனார்னா யாரு, சொல்லு" என்றேன்.

அவன் கோட்டைப் பார்த்தான். "அது... ஹவுஸ் ஓனர்தானே?" என்றான்.

"ஹவுஸ் ஓனரா!"

"சகிச்சுக்கணும்னு வருதே... அதான் அப்படி நெனச்சேன்."

"நாத்தனார்னா புருஷன்கூடப் பொறந்தவ. இவங்க புருஷன்கூடப் பொறந்தவ நான். நீ ஊர் உலகத்துக்கெல்லாம் தலைவலின்னு சொன்னது என்னை."

அவனுக்குப் பவுடரையும் மீறி முகம் சிவந்தது. "சாரி ஆன்ட்டி" என்றான். அந்த ஆன்ட்டிக்குத் தனியாக ஒன்று கொடுத்திருப்பேன், அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோட்டு சிரித்தார். "அவ்வளவுதானே? அந்த இடத்த வெட்டிடலாம். முடிஞ்சுது பிரச்சினை. மேடம், ஒளிக்காம சொல்றேன், பாடத்துல உங்க உழைப்பு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நீங்க வந்து கேமரா முன்னாடி நின்னா யாரு பார்ப்பாங்க? ஜனங்களுக்கு முகம் வேணும். இந்தத் தம்பி முகத்துல வந்தாத்தான் அது இங்கிலீஷு. உங்க முகத்துல வந்தா வீட்டுச் சண்டை. வேணும்னா கேமராவுக்குப் பின்னாடி நின்னு தம்பிக்குச் சொல்லிக் குடுங்க. மாசாமாசம் ஏதாவது பார்த்துப் போடறேன்."

எனக்குக் கை பரபரத்தது. அவர் மேசையில் காகிதங்கள் மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து எங்கே எறியலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி மட்டும் அந்த மெதுவான குரலிலேயே பேசினாள். என்னால் சகிக்க முடியாத அதே குரல்.

"முகம் இருக்கட்டும் சார். நீங்க என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. என் கோபம் தாங்காம ஆளுங்க ஓடறாங்கன்னு. அது நிஜமா? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

கோட்டுக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. நெற்றியைச் சுருக்கினார். பிறகு, "அதுவா!" என்று கையை உதறினார். "எல்லாம் ரெக்கார்டு ஆயிடுச்சு, இனிமே வேண்டாம்னு எப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது? அதான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம். நீங்க அதையா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

அண்ணி என் கையை விட்டாள்.

"ஒரு பேச்சுக்கா?"

"மேடம்..."

"ஒரு பேச்சுக்கா சொன்ன? தெனம் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு மெதுவா பேசிப் பேசிப் பழகினேன்டா! வாயத் தொறக்கவே பயந்து போய், பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சத்தமா சொல்லாம, என் குரலக் கேட்டா எனக்கே பிடிக்காம, இத்தன நாள் செத்துக் கெடந்தேன். உனக்கு அது ஒரு பேச்சா? ஆள் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லத் தெரியாதா உனக்கு? அந்த ஒரு வார்த்தைக்கு வழியில்லாம என் தலையில பழியத் தூக்கி வச்சியே!"

'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. மேசை மேல் இருந்த கோட்டின் டீ ஆடியது. பையன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். வெளியே சோபாவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள், இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். அண்ணி நிறுத்துகிற மாதிரி இல்லை. நாலு மாடிக்குக் கேட்கும் அந்தப் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்து அழுகை வந்தது.

கோட்டு எழுந்து இரண்டு கையையும் கீழே அமர்த்தி அமர்த்திக் காட்டினார். அவளிடம் பலிக்காததால் என்னைப் பார்த்தார். நான்தான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அம்மா, நீங்களாவது அந்தக் கதவ மூடுங்க. வெளியில அட்மிஷனுக்கு வந்தவங்க இருக்காங்க."

நான் கதவை நன்றாக விரியத் திறந்து, அது திரும்ப மூடிக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.